எச்.பி குறைவு, ஆர்.பி.சி கூட: ஒரு றிப்போட்டை வாசித்த கதை

போன வருஷம் கம்பஸில் இரத்ததான முகாம் வைத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம். மூன்று பேரும் நாவற்குடா, மூன்று பேரும் கலை கலாசார பீடம், விடிய ஒன்றாக பஸ் ஏறி வந்தாறுமூலைக்குப் போய், பொழுதுபட ஒன்றாகத் திரும்பி வருகிறவர்கள். சமூக சேவை செய்யவேணும் என்ற எண்ணமும் இருந்தது, இரத்தம் குடுத்தா மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

முதலில் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். அதை நீல நிறத் தண்ணி இருந்த ஒரு சின்னப் போத்தலுக்குள் விட்டார்கள். அது செப்புச் சல்பேற்றுக் கரைசலாம். இரத்தத்தில் போதிய அளவு ஹீமோகுளோபின் இருந்தால் சொட்டு பாரமாக இருக்கும், கீழே தாழ்ந்து போகும். இல்லையென்றால் மிதக்கும். இரத்தம் குடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையக்கூடாது. எங்களில் இரண்டு பேருடைய சொட்டும் தாழ்ந்தது. ஒருத்தியின் சொட்டு தாழவில்லை.

“தங்கச்சி, உங்களுக்கு இரத்தம் காணாது. ஒருக்கா எஃப்.பி.சி செய்து பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒருத்தி யார் என்று இந்தக் கட்டுரையில் எழுதமாட்டோம். மூன்று பேரும் சேர்ந்தே எழுதுகிறோம், “நாங்கள்” என்றே எழுதுகிறோம். ஏன் என்று போகப்போக விளங்கும்.

*

எஃப்.பி.சி என்பது மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரிந்த டெஸ்ட். மழைக்காலத்தில் டெங்கு தொடங்கினால் வீட்டுக்கு வீடு எல்லாரும் டொக்டர்தான். “பிளேட்லெட் எவ்வளவு?” என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் அந்தத் தாளில் பிளேட்லெட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். அதை யாரும் வாசிக்கிறதில்லை. நாங்களும் வாசிக்கவில்லை. எச்.பி 10.7 என்று இருந்தது, பக்கத்தில் “எல்” என்று குறைவுக் குறி. அது போதும் என்று நினைத்தோம். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வீட்டில் வைத்தியம் தொடங்கியது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, பீற்றூட், பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல். பக்கத்து வீட்டு மாமி ஒரு போத்தல் மாமைட் கொண்டு வந்து தந்தா. “வயசுப்புள்ள இப்படி வெளிறிக் கிடந்தா நாளைக்கு ஆரு கட்டுற?” என்று ஒரு வசனமும் இலவசம். பாமசியில் கேட்டு இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக் குடித்தோம். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கிறதையும் நிற்பாட்டினோம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால். குளிசை வயிற்றை இறுக்கிப்போட்டது. அதையும் தாங்கிக்கொண்டு இரண்டரை மாதம்.

மறுகா இரண்டாம் தரம் டெஸ்ட் செய்தோம். எச்.பி 10.8.

இரும்புச்சத்துக் குறைவாக இருந்து, குளிசையை ஒழுங்காகக் குடித்தால் ஒரு மாதத்திலேயே ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவில் ஏறவேணும். இரண்டரை மாதத்தில் 0.1 என்றால் அது ஏற்றமே இல்லை. “குளிசைய ஒழுங்கா குடிக்கல்ல நீ” என்று அம்மா ஏசினா. குடித்தது எங்களுக்குத் தெரியும், வெற்று மட்டையை எல்லாம் எண்ணிக் காட்டினோம்.

அன்றைக்குத்தான் கல்லடிக் கடற்கரையில் இருந்து முழு றிப்போட்டையும் முதல்முறை வாசித்தோம். தமிழ் படிக்கிற ஒருத்தி, புவியியல் படிக்கிற ஒருத்தி, சமூகவியல் படிக்கிற ஒருத்தி. மூன்று பேருக்கும் விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்தது. அப்படியிருந்தும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எச்.பிக்குப் பக்கத்தில் “எல்”. அதற்கு அடுத்த வரியில் ஆர்.பி.சி, அதாவது சிவப்பணு எண்ணிக்கை, 5.6. பக்கத்தில் “எச்”. கூட!

இரத்தம் குறைவு, ஆனால் சிவப்பணு கூட. இது எப்படி நடக்கும்?

போனை எடுத்துத் தேடினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. சிவப்பணு கூடினால் நுரையீரல் நோய், இருதய நோய், எலும்பு மச்சையில் புற்றுநோய் என்று வரிசையாக வந்தது. ஒருத்தி அழுதே விட்டாள். றிப்போட்டில் இருக்கிற ஒரு எண்ணை மட்டும் பிடுங்கி எடுத்துத் தேடினால் இப்படித்தான் வரும். அந்த எண் மற்ற எண்களோடு சேர்ந்துதான் கதை சொல்லும். அதை நாங்கள் விளங்கிக்கொண்ட விதத்தில் இங்கே எழுதுகிறோம்.

*

ஆர்.பி.சி 5.6 என்றால் ஒரு மைக்கிரோ லீற்றர் இரத்தத்தில் 56 இலட்சம் சிவப்பணு. ஒரு சொட்டு இரத்தத்தை ஏறத்தாழ 50 மைக்கிரோ லீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த நீலத் தண்ணியில் விழுந்த சொட்டுக்குள் 28 கோடி சிவப்பணு இருந்திருக்கும். இலங்கையின் சனத்தொகையைப்போல பன்னிரண்டு மடங்குக்கு மேலே, ஒரு சொட்டில்.

முந்தி இதைக் கண்ணால் எண்ணினார்கள். இரத்தத்தை 200 மடங்கு ஐதாக்கி, கோடு போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, நுணுக்குக்காட்டிக்குக் கீழே சதுரம் சதுரமாக எண்ணிப் பெருக்குவார்கள். பிறகு அமெரிக்கரான வொலஸ் கூல்ட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார், 1953இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒரு நுண்ணிய துளை. அதனூடாக மின்சாரம் ஓடுகிறது. ஒவ்வொரு அணுவும் துளையைக் கடக்கும்போது மின்னோட்டம் ஒரு கணம் தடைப்படும். எத்தனை தடை என்பது எண்ணிக்கை. தடை எவ்வளவு பெரிது என்பது அணுவின் பருமன். இன்றைக்கும் பல லேப் மெசின்கள் இந்த வழியில்தான் எண்ணுகின்றன. அதனால்தான் றிப்போட்டில் எண்ணிக்கையோடு பருமனும் வருகிறது. எம்.சி.வி என்று இருப்பது அதுதான், ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். சாதாரணமாக 80இலிருந்து 100 பெம்டோலீற்றர். எங்கள் றிப்போட்டில் 62. “எல்” போட்டிருந்தது. எம்.சி.எச் என்பது ஒரு அணுவுக்குள் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் என்பது. 27இலிருந்து 32 பிக்கோகிராம் இருக்கவேணும். எங்களுக்கு 19.3.

பஸ்ஸை வைத்து யோசித்தால் லேசு. ஹீமோகுளோபின் என்பது கல்முனை றோட்டில் ஒரு நாளைக்குப் போகிற மொத்த ஆட்கள். ஆர்.பி.சி என்பது எத்தனை வாகனம் ஓடியது. எம்.சி.வி என்பது வாகனத்தின் பருமன். ஆட்கள் குறைவாகப் போனால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். வாகனம் குறைவாக இருக்கலாம். வாகனம் சின்னதாக இருக்கலாம். மொத்த ஆட்களை மட்டும் பார்த்து எது பிழை என்று சொல்ல ஏலாது.

இரும்புச்சத்து இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஹீமோகுளோபின் செய்ய இரும்பு வேணும். அது இல்லாதபோது உடம்பு செய்கிற வாகனமும் சின்னதாகும், நாள் போகப்போக எண்ணிக்கையும் குறையும். எச்.பி, எம்.சி.வி, ஆர்.பி.சி எல்லாம் கீழே வரும். பி12 அல்லது போலிக் அமிலம் குறைந்தால் வேறு கதை. அணு பெரிதாக இருக்கும், எண்ணிக்கை குறையும். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டொக்டர் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய சிவப்பணு பெரிதாக இருந்தது. அதை மாற்றியது என்ன தெரியுமா? மாமைட். அதற்குள் இருந்த பொருள் போலிக் அமிலம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் எங்கட நாட்டுக் கிராமங்களிலும் மாமைட் குடுத்தார்கள். மாமியின் போத்தலுக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆனால் எங்கள் றிப்போட்டில் அணு பெரிதாக இல்லை, மிகச் சின்னதாக இருந்தது. மாமைட்டால் வேலையில்லை.

மூன்றாவது கதைதான் எங்களுடையது. வாகனம் சின்னது, ஆனால் எண்ணிக்கை கூட. பெரிய பஸ் இல்லாத றோட்டில் உடம்பு ஓட்டோ ஓட்டோவாக விடுகிறது. ஆட்கள் கொஞ்சம் குறைவு, ஓட்டோக்கள் நிறைய.

1973இல் வில்லியம் மென்ட்சர் என்ற டொக்டர் இதற்கு ஒரு லேசான கணக்குச் சொன்னார். எம்.சி.வியை ஆர்.பி.சியால் பிரியுங்கள். 13க்கு மேலே வந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கக் கூடுதல் வாய்ப்பு. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவியாக இருக்கலாம். 62ஐ 5.6ஆல் பிரித்தோம். 11.

*

எங்களுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி பிள்ளையாரடியில் மருத்துவம் படிக்கிறாள். அவளுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினோம். “அந்தக் கணக்க வச்சு ஒண்ணும் முடிவெடுக்காதீங்கடி. அது சந்தேகப்படத்தான். இரும்புக் குறைவும் தலசீமியாவும் ரெண்டும் ஒண்டா இருக்கலாம். ஃபெரிற்றின் செய்ங்க, எச்.பி.எல்.சி செய்ங்க, டொக்டரக் காட்டுங்க” என்றாள்.

ஃபெரிற்றின் உடம்பில் சேமித்திருக்கிற இரும்பைக் காட்டும். அது போதுமான அளவு இருந்தது. எச்.பி.எல்.சி ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். அதில் ஏ2 என்ற வகை 3.5 வீதத்துக்கு மேலே இருந்தால் பீற்றா தலசீமியாக் காவி. றிப்போட் வர இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு கிழமையும் நாங்கள் அசைன்மென்ட் ஒன்றும் எழுதவில்லை. வந்தது 5.1.

டொக்டர் நல்ல மனிசி. “இது வருத்தம் இல்ல மகள்” என்றுதான் தொடங்கினா. காவி என்றால் ஹீமோகுளோபின் செய்கிற பரம்பரை அலகு இரண்டில் ஒன்று பிழை, மற்றது சரி. ஆயுசுக்கும் சாதாரணமாக வாழலாம். எச்.பி கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அதுதான் இவளுடைய இயல்பு. இரும்புச்சத்துக் குறைவு என்று டெஸ்டில் காட்டினால் ஒழிய இரும்புக் குளிசை குடிக்கத் தேவையில்லை. தேவையில்லாத இரும்பை உடம்புக்கு வெளியேற்றத் தெரியாது, அது சேர்ந்துகொண்டே போகும்.

மறுகா ஒரு தாளில் நாலு பெட்டி கீறினா. காவியான ஆளும் காவி இல்லாத ஆளும் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு வருத்தம் வராது, ஆகக்கூடினால் பிள்ளையும் காவியாகும். ஆணும் பெண்ணும் இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்குப் பெரும் தலசீமியா. பிறக்கும்போது பிள்ளை நல்ல சுகமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழிய வெளிறத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு மாதமும் இரத்தம் ஏற்றவேணும், ஆயுசுக்கும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் உள்ளே போய் இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை எடுக்க வேறு மருந்து. சில பிள்ளைகள் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சின்னப் பம்ப் ஒன்றைப் பூட்டிக்கொண்டுதான் இரவில் நித்திரை கொள்ளுவார்கள்.

இலங்கையில் இந்த வருத்தம் குருணாகல், அநுராதபுரம் பக்கங்களில்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. தேசிய தலசீமியா நிலையமும் குருணாகலில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் மலேரியா ஆண்ட இடங்கள் அவை. காவிகளை மலேரியா அவ்வளவு லேசாகக் கொல்வதில்லை. அதனால் தலைமுறை தலைமுறையாக அந்தப் பரம்பரை அலகு தப்பிப் பிழைத்து வந்தது. 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. மலேரியா போய்விட்டது, அதற்கு எதிராக உடம்பு வைத்த காவல் மட்டும் எங்கள் இரத்தத்தில் நிற்கிறது. “தலசா” என்றால் கிரேக்கத்தில் கடல். மத்தியதரைக் கடலோரத்து ஆட்களிடம் முதலில் கண்டதால் அந்தப் பேர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கட ஊர்க்காரருக்கும் அந்தப் பேர் பொருந்தித்தான் கிடக்குது.

*

டொக்டர் சொன்னது விளங்கியது. வீட்டில் சொல்லுவதுதான் கஷ்டம்.

காரணம் இருக்கிறது. எங்களில் அந்த ஒருத்திக்கு மாமாவின் மகனை, அதாவது அம்மாவின் சொந்த அண்ணன்ட மகனை, சின்ன வயதிலிருந்தே பேசி வைத்திருக்கிறார்கள். பகிடிபோலத்தான் தொடங்கியது. இப்போது பகிடி இல்லை. வளவில் வீடு கட்ட அத்திவாரமும் போட்டாச்சு. எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே.

மட்டக்களப்பில் குடி முறை தாய்வழி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. மாமா மகன் அவனுடைய தாயின் குடி, எனவே வேறு குடி, எனவே முறை மச்சான். எல்லாம் சரி. சமூகவியல் படிக்கிற எங்களில் ஒருத்தி இதைப் பற்றிப் பெருமையாக அசைன்மென்ட் எழுதி “ஏ” எடுத்திருக்கிறாள். ஆனால் பரம்பரை அலகுக்குக் குடி தெரியாது. அது தாயாலும் வரும், தகப்பனாலும் வரும். அம்மாவுக்கு இருந்தால் மாமாவுக்கும் இருக்கலாம். மாமாவுக்கு இருந்தால் மச்சானுக்கும் இருக்கலாம்.

முதலில் அம்மாவை டெஸ்ட் செய்யவேணும். “எனக்கு எப்பவும் இரத்தம் குறைவுதான் மனே, புள்ளத்தாச்சியா இருக்கக்குள்ளயும் குளிசை குளிசையாத் தந்தாங்க, ஏறவே இல்ல” என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு காலமும் இருந்தா. ஒரு பழைய றிப்போட் அலுமாரிக்குள் சாறிக்குக் கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். ஆர்.பி.சி 5.3, எம்.சி.வி 64. பிரித்தால் 12. பத்து வருஷத்துக்கு முந்தின தாள். அந்தத் தாளைப் பார்த்தவர்கள் எச்.பியை மட்டும் வட்டம் போட்டிருந்தார்கள். எச்.பி.எல்.சியும் செய்தோம். அம்மாவும் காவி.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா, “அப்ப நான்தான் புள்ளைக்குக் குடுத்தனா?”

இந்தக் கேள்விக்கு நாங்கள் மூன்று பேரும் ஆயத்தமாக இருக்கவில்லை. மலேரியா, பரம்பரை அலகு, நாலு பெட்டி எல்லாம் தெரியும். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. “உங்கட கண்ணயும் நீங்கதானம்மா குடுத்த, அதுக்கு ஆரும் குற்றம் சொல்றல்லயே” என்று ஒருத்தி சொன்னாள். அம்மா அழுதுகொண்டே சிரிச்சா. ஆனால் அடுத்ததாகச் சொன்னது, “ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க.”

இதுதான் எங்களை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. றிப்போட்டை விட அந்த வசனத்துக்குத்தான் நாங்கள் பயந்தோம். “இரத்தத்தில் குறையுள்ள பெட்டை” என்று ஒருமுறை ஊரில் பேர் வந்தால் அது அவளோடு நிற்காது. தங்கச்சிக்கும் வரும். பெடியனுக்கு இருந்தால் அது யாருக்கும் தெரியவும் வராது. இரண்டு பேரும் காவியாக இருந்தால்தான் பிரச்சினை, ஆனால் பழி விழுவது ஒரு பக்கத்தில்தான். இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர கருக்கலைப்புக்கு அனுமதி இல்லை. எனவே இங்கே இதைக் கல்யாணத்துக்கு முந்தியே அறிந்துகொள்வதுதான் வழி. வாயை மூடிக்கொண்டு எப்படி அறிவது?

*

கடைசியில் அவளே மச்சானுக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். நாலு தரம் அழித்து ஐந்தாம் தரம் அனுப்பினாள். “மச்சான், ஒரு பிளட் டெஸ்ட் செய்யணும். ஆருக்கும் இப்ப சொல்லவேணாம். ஏனெண்டு சொல்றன், கேளுங்க.” நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. எஃப்.பி.சி றிப்போட். ஆர்.பி.சி 5.0, எம்.சி.வி 88, எம்.சி.எச் 29. கீழே, “டொக்டர் மற்றதையும் செய்யச் சொன்னவர், குடுத்திருக்கன். நான் அப்பாவையும் கூட்டிட்டுப் போய்ச் செய்யப்போறன்” என்று எழுதியிருந்தான். மற்ற றிப்போட்டும் பிறகு நல்லபடி வந்தது. மாமா காவி. அவருடைய பிழையான பங்கு மகனுக்குப் போகவில்லை.

கல்யாணம் நடக்குமா என்று கேட்காதீர்கள். அவளுக்கு அவனைப் பிடிக்குதா என்பதே இப்போதுதான் அவள் யோசிக்கத் தொடங்கியிருக்கிற விஷயம். ஆனால் மாமா வீட்டில் இப்போது மூன்று பேர் டெஸ்ட் செய்திருக்கிறார்கள். அம்மாவே தன்னுடைய தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சொன்னா.

உங்கள் வீட்டிலும் அலுமாரிக்குள் ஒரு பழைய எஃப்.பி.சி தாள் கிடக்கும், டெங்குக் காலத்துத் தாளாவது கிடக்கும். எடுத்துப் பாருங்கள். சிவப்பணு எண்ணிக்கை பெண்களுக்கு ஏறத்தாழ 3.8இலிருந்து 4.8 வரை, ஆண்களுக்கு 4.5இலிருந்து 5.5 வரை இருக்கும். லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும், அந்தத் தாளிலேயே போட்டிருப்பார்கள். அந்த எல்லையைப் போட்ட விதத்தில் சுகதேகிகளிலும் இருபதில் ஒருவர் வெளியேதான் நிற்பார். உடம்பில் தண்ணி குறைந்தாலும், சிகரெட் குடித்தாலும் எண்ணிக்கை கூடிக் காட்டும். ஆகவே ஒரு “எச்”சைப் பார்த்து அழவேண்டாம், நாங்கள் அழுதது காணும். எச்.பியோடும் எம்.சி.வியோடும் சேர்த்து வாசியுங்கள். எச்.பி குறைவு, எம்.சி.வி குறைவு, ஆனால் ஆர்.பி.சி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது என்றால், பாமசியில் குளிசை கேட்காமல் டொக்டரிடம் “எனக்கு தலசீமியாக் காவியா எண்டு பாக்கலாமா?” என்று கேளுங்கள்.

அடுத்த முகாமுக்கும் நாங்கள் மூன்று பேரும் போவோம். இரண்டு பேர் இரத்தம் குடுப்போம். ஒருத்தி வரிசையில் நிற்கிறவர்களின் பேர் பதிவாள். சொட்டு மிதந்து திரும்பி வருகிற பெட்டையளிடம் அவள் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாள்.